கறையும் நிறமும்

முகங்கழுவுவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப்போகிறேன் என்றதும், என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் சிரித்துவிட்டார். "லயத்துக் கூரை ஒழுகுகிறது, நாட்சம்பளம் போதவில்லை, பிள்ளைகள் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திக்கொள்கிறார்கள். இவற்றையெல்லாம் விட்டு முகப்பூச்சைப் பற்றியா எழுதப்போகிறீர்கள்?" என்று கேட்டார். அவர் கேள்வி நியாயமானதே. ஆயினும் அவர் சொன்ன ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் முகத்தில் வந்து படிவதை நான் கண்டேன். அதனாலேயே எழுதுகிறேன்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாகச் செல்லும் பாதைக்கு மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவிலுள்ள ஒரு சிறு பாடசாலையில் நான் விஞ்ஞான ஆசிரியை. பதினோராந் தரத்து மாணவி ஒருத்தி ஒரு மாத காலமாகத் தலை நிமிராமலே வகுப்பில் இருந்தாள். ஒருநாள் இடைவேளையில் அழைத்துப் பார்த்தேன். இரு கன்னங்களும் வெந்நீர் பட்டாற்போலச் சிவந்து, தோல் மெலிந்து, கண்ணோரத்தில் கருந்திட்டுக்கள் படர்ந்திருந்தன. முதலில் ஒன்றுமில்லை என்றாள். பின்பு புத்தகப் பைக்குள்ளிருந்து ஒரு சிறு டப்பியை எடுத்து நீட்டினாள். அதில் செய்தவர் பெயரில்லை, என்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரமில்லை, திகதியுமில்லை. ஏழு நாளில் நிறம் மாறும் என்று சொல்லி யாரோ விற்றிருக்கிறார்கள்.

அவளுடைய அக்காள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். பரீட்சை முடிந்ததும் இவளும் அங்கே போவதாக ஏற்பாடு.

"மொகத்தப் பாத்தாலே தோட்டம்னு தெரியுதுன்னு அக்காவக் கடையில சொல்றாங்களாம், டீச்சர். நானும் அப்பிடியே போய் நிக்கணுமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. நற்பதில் தெரியாமற் போனது மட்டும் காரணமன்று. ஆசிரிய கலாசாலையில் பயின்ற இரண்டு வருடமும், என் சிறு செலவுப் பணத்தில் ஒரு பகுதி இத்தகைய களிம்புக்கே போயிற்று. விடுமுறைக்கு வீடு வரும்போது அதைப் பெட்டியின் அடியில் ஒளித்துவைப்பேன். கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்த அம்மாவின் கண்ணில் அது பட்டுவிடக் கூடாது என்ற வெட்கம். எந்த முகத்திலிருந்து நான் தப்பியோட முயன்றேனோ, அது அவளுடைய முகம் அல்லவா?

மறுநாள் அந்தப் பிள்ளையை அவளுடைய தாயாரோடு வைத்தியசாலைக்கு அனுப்பினேன். களிம்பை அடியோடு நிறுத்தும்படி வைத்தியர் சொன்னார். அன்றிரவு நான் கண்ணாடிக்கு முன் உட்கார்ந்தேன். பிள்ளைக்குப் புத்தி சொல்ல முன்வருபவள் முதலில் தன் முகத்தை விசாரித்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றிற்று.

எங்கள் லயத்துக் காம்பராவில் முகத்துக்கென்று தனியாக எதுவும் இருந்ததில்லை. ஒரே சவர்க்காரக் கட்டி உடுப்புக்கும் உடம்புக்கும் பயன்பட்டது. மழைக்காலத்தில் அட்டை ஏறாதிருக்க அம்மா அதையே காலில் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போவாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாயி விளக்கெண்ணெய்ப் போத்தலை எடுப்பாள். வாரம் முழுவதும் ஈர விறகின் புகையில் வெந்த முகத்தில் இரண்டு சொட்டு வைத்து மெல்லத் தேய்ப்பாள், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பழந்துணியால் ஒற்றியெடுப்பாள், பிறகு பயற்றமா. துணியில் இறங்கிய கறுப்பைக் காட்டி, "பாத்தியா, ஒரு கெழம அடுப்பு இதுல இருக்கு" என்பாள். கண்ணுக்கிடும் மையை அவள் கூட்டியதும் விளக்கெண்ணெய்த் திரியின் கரியில்தான். அந்த மையை அழிக்கவும் அதே எண்ணெயைத்தான் எடுப்பாள்.

இதைச் செய்துபார்ப்பது என்று தீர்மானித்தேன். சவர்க்காரத்தையும் களிம்பையும் நிறுத்தினேன். முதல் இரண்டு வாரம் இரவில் தேங்காயெண்ணெய் மட்டும் தேய்த்துத் துடைத்தேன். நெற்றியில் சிறு பருக்கள் எழும்பின. தேங்காயெண்ணெய் சிலருடைய தோலில் மயிர்த்துளைகளை அடைத்துவிடும் என்று படித்திருந்தும், என் பெருமை அதை நம்ப மறுத்திருந்தது. பிறகு மூன்று பங்கு நல்லெண்ணெயில் ஒரு பங்கு விளக்கெண்ணெயைக் கலந்து, முழங்கையின் உட்புறத்தில் ஒருநாள் தடவிப் பார்த்து, முகத்துக்கு மாற்றினேன். பருக்கள் அடங்கின. தை மாதத்துக் குளிர்காற்றில் ஆண்டுதோறும் வெடிக்கும் கன்னம் அவ்வாண்டு வெடிக்கவில்லை. ஆயினும் அதே காலத்தில் சவர்க்காரத்தையும் விட்டிருந்தேன் அல்லவா? குணமாக்கியது எண்ணெயா, சவர்க்காரத்தை விட்டதா என்று ஒருத்தியின் முகத்தை வைத்துத் தீர்ப்பளிப்பது விஞ்ஞானமாகாது. நிறம் கடுகளவும் மாறவில்லை என்பதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. தோல் தானே ஒருவகை எண்ணெயைச் சுரக்கிறது. புகையும் தூசியும் அதிலேதான் ஒட்டுகின்றன. எண்ணெய் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே புது எண்ணெய் பழைய எண்ணெயை இளக்கி அழுக்கோடு இழுத்துவருகிறது. சவர்க்காரமும் எண்ணெயின் பிள்ளைதான். தேங்காயெண்ணெயோ வேறு கொழுப்போ காரத்தோடு சேர்ந்தே அது உண்டாகிறது. ஆனால் சாதாரணக் கட்டிச் சவர்க்காரத்தின் பி.எச். பெறுமானம் 9க்கும் 10க்கும் இடையில் நிற்க, தோலின் மேற்பரப்போ 5ஐ அண்டிய மெல்லிய அமிலத்தன்மை கொண்டது. அடிக்கடி போட்டால் தோல் வரண்டு இறுகுவது அதனாலேயே.

இந்த அறிவு நம்முடையது மட்டுமன்று. பண்டை ரோமர் உடம்பெங்கும் ஒலிவ எண்ணெய் பூசி, வளைந்த உலோகக் கருவியால் அழுக்கோடு வழித்தெடுத்தனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டு வைத்தியர் காலன் ஒலிவ எண்ணெயையும் தேன்மெழுகையும் நீரையும் சேர்த்துக் குளிர்களிம்பு ஆக்கினார் என்பர். யப்பானியப் பெண்கள் கூந்தலுக்கும் தோலுக்கும் பூசும் கமேலியா எண்ணெய், நம்முடைய தேயிலைச் செடியின் நெருங்கிய உறவுச் செடி ஒன்றின் விதையிலிருந்து வருவது. தேயிலையின் விதையிலும் எண்ணெய் உண்டு. ஆனால் நம் மலைகளில் அந்தச் செடியை இடுப்பு மட்டத்தில் கவ்வாத்து வெட்டி, துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளிக்கொண்டே இருக்கிறோம். பூத்துக் காய்க்க அதற்கு ஓய்வு கொடுப்பதில்லை.

ஓய்வு என்ற சொல்லை எழுதும்போது அம்மாவின் நாள் நினைவுக்கு வருகிறது. விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பிரட்டுக் களத்துக்கு ஓடுவாள். மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பினால் விறகும் பீலித் தண்ணீரும் அடுப்பும் காத்திருக்கும். நான் செய்த எண்ணெய்ச் சிகிச்சைக்குப் பத்து நிமிடமும் ஒரு கேத்தல் வெந்நீரும் வேண்டும். அவளுக்கு அந்தப் பத்து நிமிடம் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே கிடைத்தது. 'இயற்கை எண்ணெய் மலிவானது. வீட்டிலேயே இருக்கிறது' என்று எழுதுகிறவர்கள் எந்த வீட்டை நினைத்து எழுதுகிறார்கள்? எங்கள் மலையில் தென்னை காய்ப்பதில்லை. எண்ணெய் குருநாகல், புத்தளம் பக்கத்திலிருந்து லொறியேறி வருகிறது. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று நிர்ணயமாயிற்று. அதே ஆண்டின் இறுதியில் ஒரு தேங்காயின் விலை 200 ரூபாய் வரை ஏறிற்று. கறிக்கே பாற்செலவு பார்க்கும் வீட்டில் முகத்துக்கு எண்ணெய் எங்கிருந்து வரும்?

அந்த இடைவெளியில்தான் டப்பி நுழைகிறது. நேரமும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம், இரவில் பூசினாற் போதும் என்கிறது. உலகின் பல நாடுகளில் விற்கப்பட்ட இத்தகைய நிறமாற்றுக் களிம்புகளிற் பலவற்றில் பாதரசமும் வலிய ஸ்டீரொயிட் மருந்துகளும் இருப்பதை ஆய்வுகூடங்கள் கண்டிருக்கின்றன. பாதரசம் தோலில் நிறப்பொருள் உண்டாவதைத் தடுக்கும். தோல் வழியே உள்ளிறங்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஸ்டீரொயிட் சில நாளைக்கு முகத்தைப் பளபளப்பாக்கி, பின்பு தோலை மெலியச் செய்யும். நிறுத்தினால் முன்னிலும் சிவந்து எரியும். யப்பானின் மினமாட்டாவில் பாதரசக் கழிவால் மீனவக் குடும்பங்கள் முடமானது 1956இல் வெளிப்பட்டது. அவ்வூரின் பெயரால் 2013இல் உண்டான சர்வதேச உடன்படிக்கை, பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை 2025க்குள் முற்றாக ஒழிக்கவேண்டும் என்று 2023இல் முடிவு செய்தது. சட்டம் தாளில் இருக்கிறது. பெயரில்லாத டப்பி சந்தையில் இருக்கிறது.

டப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டால் தீர்ந்துவிடுமா? 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த 'ஃபெயார் அண்ட் லவ்லி' 2020இல் 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறிற்று. வெண்மை என்ற சொல் உறையிலிருந்து போயிற்று. வேலைக்கும் கலியாணத்துக்கும் முகம் பார்க்கும் கண்ணிலிருந்து போகவில்லை. நம் மக்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் மறுத்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு அதை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அத்தனை காலம் காத்திருந்து பெற்ற அடையாள அட்டையோடு ஒரு பெண் தலைநகருக்குப் போகிறாள். அங்கே அவளுடைய அட்டையை யாரும் கேட்பதில்லை. முகத்தைப் பார்த்துத் 'தோட்டம்' என்கிறார்கள்.

இதையெல்லாம் பிரசங்கமாகச் செய்ய எனக்கு விருப்பமில்லை. அந்தப் பிள்ளையின் கன்னம் ஓரளவு ஆறிய பின், 'கரைசல்கள்' என்ற பாடத்தன்று ஒரு விளக்கெண்ணெய் விளக்கைக் கொளுத்தி, அதன் மேல் ஒரு தட்டைப் பிடித்துக் கரி சேர்த்தேன். இரண்டு மாணவர்களின் கையில் பூசி, ஒருவனை நீரிலும் மற்றவனை எண்ணெயிலும் கழுவச் சொன்னேன். நீர் கரியைப் பரப்பிற்று. எண்ணெய் வழித்துக்கொண்டு வந்தது. கரி எண்ணெயில் கரைவதில்லை என்பதையும், நீரோடு ஒட்டாத அதன் துகள்கள் எண்ணெயோடு ஒட்டி வந்துவிடுகின்றன என்பதையும் விளக்கினேன். அப்போது பின்வரிசையிலிருந்து அவள் எழுந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு தலை நிமிர்ந்து நின்றாள்.

"எங்கம்மா வெரல்ல இருக்கிற கறுப்பு எண்ணெயில போகுமா, டீச்சர்?"

வகுப்பில் பாதிப்பேரின் தாய்மாருக்கு அந்த விரல்கள் உண்டு. போகாது என்றேன். தேயிலைச் சாற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தோடு பிணைந்துவிடும். பதனிட்ட தோலில் நிகழ்வதும் அதுதான். மேற்றோல் உதிரும்போது கறையும் உதிரும். மறுநாள் மலையில் புதுக்கறை ஏறிவிடும். "முகத்திலிருக்கும் நிறமோ அதுவுமன்று, அது தோலின் உள்ளேயே உண்டாகி வெயிலிலிருந்து உங்களைக் காக்கிறது. எண்ணெய்க்கு அங்கே வேலை இல்லை, எந்தக் களிம்புக்கும் அங்கே வேலை இல்லை" என்றேன்.

மறுநாள் அவள் தன் தாயிடமிருந்து ஒரு கைப்பிடி கொழுந்து கொண்டுவந்தாள். பாடசாலைத் தராசில் பத்துத் துளிர்களை நிறுத்தோம். அம்மா ஒருநாள் கொடுக்கவேண்டிய 18 கிலோவுக்கு எத்தனை துளிர் கிள்ளவேண்டும் என்று வகுப்பே கணக்கிட்டது. விடை பல ஆயிரமாக வந்தது. யாரும் பேசவில்லை. அவள் அந்த எண்ணைத் தன் கொப்பியின் மேல்மூலையில் பெரிதாக எழுதிக்கொண்டாள்.

நான் இப்போதும் இரவில் எண்ணெய் தேய்த்தே முகங்கழுவுகிறேன். அம்மாவுக்கும் ஒரு போத்தல் கலந்து கொடுத்திருக்கிறேன். புகையை எடுப்பதற்கு அது நல்ல வழி. அதற்கு மேல் அதனிடம் எதையும் கேட்பதில்லை.

பரீட்சை முடிந்ததும் அந்தப் பிள்ளை கொழும்புக்குப் போய்விட்டாள். வீட்டில் கடன் இருந்தது. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புறப்படுமுன் விடுதிக்கு வந்தாள். கன்னத்தில் ஒரு திட்டு இன்னும் ஆறவில்லை. எண்ணெயைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "ரிசல்ட் வந்ததும் உயர்தரத்துக்குத் திரும்பி வந்தா, எடம் இருக்குமா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். இருக்கும் என்றேன். அந்த இடத்தை வைத்திருக்கவேண்டியது இப்போது எங்கள் பொறுப்பு.