பயந்த பறவைகள்

பாகூர் ஏரிக்கரைப் பக்கம் குடியிருக்கும் அந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு ஒரே குறை. புதுச்சேரி நகரத்தில் படிக்கும் பேத்தி தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். லீவுக்கு வந்தவளை உட்காரவைத்து முத்தொள்ளாயிரம் சொல்லத் தொடங்கினார். இரண்டாவது அடியில் கொட்டாவி விட்டாள்.

அலமாரியில் ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. 'ரெட் லில்லீஸ் அண்ட் ஃப்ரைட்டண்ட் பேர்ட்ஸ்'. முத்தொள்ளாயிரத்துக்கு ம.இலெ.தங்கப்பா செய்த மொழிபெயர்ப்பு. 2011இல் பென்குயின் வெளியிட்டது. தமிழ் வாத்தியார் வீட்டுப் பிள்ளை தமிழ்ப்பாட்டை இங்கிலீஷில் படிப்பதா? இரண்டு நாள் அதைத் தொடவே அவருக்கு மனசு வரவில்லை.

அப்புறம் தங்கப்பாவையே நினைத்துக்கொண்டார். குறும்பலாப்பேரியில் 1934இல் பிறந்து, புதுச்சேரிக்கு வந்து தமிழ்ப் பேராசிரியராக வாழ்ந்தவர். தனித்தமிழில் அவ்வளவு பிடிப்பு. பேச்சில் ஒரு பிறசொல் விழுந்தாலும் மனம் ஒப்பாதவர் வரிசையில் வைக்க வேண்டிய மனிதர். அவர்தான் சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதில் பல பத்தாண்டுகள் செலவிட்டார். 1970இலேயே ஒரு தொகுப்பு வந்துவிட்டது. உலகம் கவனித்த 'லவ் ஸ்டேண்ட்ஸ் அலோன்' வர 2010 ஆயிற்று. இடையில் நாற்பது வருஷம்! அதற்குத்தான் 2012இல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு. அதற்கு முந்தைய வருஷம் குழந்தைப் பாடல்களுக்காக 'சோளக்கொல்லைப் பொம்மை'க்கும் அகாதெமி விருது கிடைத்திருந்தது. 2018இல் மறைந்தார். தமிழை விட்டுக்கொடுத்தா அவர் இங்கிலீஷுக்குப் போனார்?

மூன்றாம் நாள் புத்தகத்தைப் பேத்தியிடம் நீட்டினார். அட்டையைப் பார்த்ததுமே கேட்டாள்.

"பறவைங்க ஏன் தாத்தா பயப்படுது?"

"நீயே படிச்சுப் பாரு கண்ணு."

படித்தாள். சேறு நிறைந்த வயல் நீரில் செவ்வாம்பல் பூத்திருக்கிறது. தண்ணீர் தீப்பற்றிக்கொண்டதென்று பதறிய பறவைகள் குஞ்சுகளைச் சிறகுக்குள் பொத்திக்கொள்கின்றன. சேரன் நாட்டில் கலவரம் என்றால் அது ஒன்றுதானாம். எதிரிப் படையின் கூச்சல் கிடையாது.

மறுநாள் விடியற்காலையில் அவளே அவரை ஏரிக்கு இழுத்துப் போனாள். செவ்வாம்பல் ஒன்றும் இல்லை. வெள்ளை அல்லிதான், அதுவும் இரண்டே இரண்டு. நீர்க்கோழி ஒன்று குஞ்சுகளோடு கோரைக்குள் ஒதுங்கியது. வரப்பில் இறங்கி நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"தமிழ்ல அந்தப் பாட்டு எப்படி இருக்கும் தாத்தா?"

அவர் மெல்லச் சொல்லத் தொடங்கினார். முதல் சொல்லிலேயே நிறுத்தினாள்.

"அள்ளல்னா?"

அவள் காலில் அப்பியிருந்த சேற்றைக் காட்டினார்.