உயிலை யாரை நம்பி எழுதுகிறோம்?

உயில் எழுதும் நண்பர்கள் எந்த வீடு யாருக்கு என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். அதை நிறைவேற்றப் போகிறவர் யார் என்று வந்ததும், "மூத்தவனையே போட்டுடுங்க" என்று முடித்துவிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது.

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவரின் சொத்து நிறைவேற்றுநரின் பொறுப்புக்குத்தான் போகிறது. கடன்களை அடைத்த பிறகே அவர் பங்கு கொடுக்க வேண்டும். நீதிமன்றத்தில் புரோபேட் (உயில் செல்லும் என்ற சான்று) வாங்கினால், 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஓராண்டுக்குள் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். இதற்குப் பாசம் மட்டும் போதாது. வங்கிக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் சலிக்காமல் அலைகிறவர், தங்கை கேட்காமலே அவளுக்குக் கணக்குக் காட்டுகிறவர் வேண்டும். (சொத்தில் பங்குள்ளவரே நிறைவேற்றுநராக இருக்கத் தடையில்லை. ஆனால் பிள்ளைகளுக்குள் பேச்சே இல்லையென்றால் வெளியாள்தான் நல்லது என்பேன்.) உங்களைவிட இளையவராக இருக்கட்டும். மாற்றாக இன்னொரு பெயரும் இருக்கட்டும்.

முதலில் அவரிடம் சம்மதம் கேளுங்கள். உயிலில் பெயர் இருந்தாலும் பொறுப்பை மறுக்க அவருக்கு உரிமை உண்டு. சம்மதித்தால், உயில் எங்கே இருக்கிறது, எந்த வங்கியில் கணக்கு என்பதை இந்த வாரமே அவரிடம் சொல்லிவையுங்கள்.