அம்மாவின் முட்டிக்கு எத்தனை வயது?

நகம் வளர்ந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. பிள்ளைகள் வளர்ந்தால் பள்ளிச் சீருடை காட்டிக் கொடுத்துவிடும். முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு வளர்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

என்னை இப்படி யோசிக்க வைத்தது ஒரு தூள் டின். கிள்ளானில் இருக்கும் என் அம்மாவுக்கு 67 வயது. 14 வயதிலேயே தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். இப்போது இரண்டு முட்டியிலும் தேய்மானம். தெரிந்தவர் ஒருவர் கொலாஜன் தூள் கொண்டுவந்து, மூன்று மாதம் குடித்தால் தேய்ந்த ஜவ்வு மறுபடி வளரும் என்று சொல்லியிருக்கிறார். ஒரு டின் 180 வெள்ளி. மூன்று மாதத்துக்கு ஆறு டின்.

“தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறணும்யா. பேரனுக்காக நேர்ந்துகிட்டது. 272 படியும் என் காலாலேயே ஏறணும்” என்றார் அம்மா. பணம் ஒரு பக்கம். அந்த நம்பிக்கையை என்ன செய்வது? பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்குத் திரும்பியதும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வளரும் என்கிறார்களே, யார் அளந்து பார்த்தது?

குருத்தெலும்பு என்பது எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் சில மில்லிமீட்டர் தடிப்புள்ள வழவழப்பான திசு. அதில் இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. உயிரணுக்களும் மிகக் குறைவு. நாம் நடக்கும்போது அழுந்தி, விடுபட்டு, மூட்டுத் திரவத்திலிருந்து ஊட்டம் பெறுகிறது. இரத்தமே போகாத இடத்தில் காயம் எப்படி ஆறும்? சிதைந்த குருத்தெலும்பு மீண்டு வராது என்பதை வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் 1743-லேயே லண்டனில் எழுதி வைத்துவிட்டார்.

அதை அளந்து காட்டும் வழி 20-ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் புதிய டி.என்.ஏ. செய்தாக வேண்டும். அதற்குத் தேவையான தைமிடின் என்ற பொருளில் லேசான கதிரியக்கத்தைச் சேர்த்துக் கொடுத்தால், பிரியத் தயாராகும் உயிரணுக்கள் மட்டும் அதை எடுத்துக்கொண்டு அடையாளம் காட்டும். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹென்றி மேன்கின் 1960-களின் தொடக்கத்தில் முயல்களிடம் இதைச் செய்து பார்த்தார். குட்டி முயல்களின் குருத்தெலும்பில் அடையாளம் தெரிந்தது. முழு வளர்ச்சி அடைந்த முயல்களின் ஆரோக்கியமான மூட்டில் அது தென்படவில்லை.

மனிதருக்கு இப்படிக் கதிரியக்கம் கொடுத்துப் பார்க்க முடியாது. ஆனால் வல்லரசுகள் அந்த வேலையை வேறு விதத்தில் செய்து வைத்திருந்தன. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டு சோதனைகளால் காற்றிலிருந்த கார்பன்-14 ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாகக் குறைந்தது. அந்தக் கார்பன் செடிக்குள் போய், சோற்றிலும் கீரையிலும் கலந்து நம் உடம்புக்கு வந்தது. ஆகவே ஒரு திசு எந்தக் காலத்தில் உருவானதோ, அந்தக் காலத்து அளவு அதில் பதிந்திருக்கும்.

டென்மார்க்கைச் சேர்ந்த காட்யா ஹைனமையரும் சக ஆய்வாளர்களும் பலருடைய முழங்கால் குருத்தெலும்பில் இதை அளந்து, 2016-இல் வெளியிட்டார்கள். கொலாஜனில் இருந்தது அவரவர் பிள்ளைப் பருவத்துக் கார்பன். வயது வந்த பிறகு புதிதாக எதுவும் சேர்ந்ததாகத் தெரியவில்லை. தேய்மானம் வந்த மூட்டிலும் அதே கதைதான். கொலாஜன் வலைக்குள் நீரைப் பிடித்து வைக்கும் பொருட்கள் மெதுவாகப் புதுப்பிக்கப்படுகின்றன. வலை மட்டும் பழையது.

அம்மா 1963-இல் ஐந்து வயதுப் பிள்ளை. அப்படியானால் தோட்டத்து லயத்தில் பாட்டி ஆக்கிப் போட்ட சோறும் கருவாடும்தான் இன்னும் அவர் முட்டிக்குள் கொலாஜனாக இருக்கின்றன. இதை அம்மாவிடம் சொன்னபோது முதலில் சிரித்தார். பிறகு, “அப்போ இருக்கிறத வச்சுத்தான் ஓட்டணும்னு சொல்ற” என்றார்.

வளர வைக்க முயல்பவர்கள் இல்லாமலும் இல்லை. நம் கோலாலம்பூரிலேயே இருக்கிறார்கள். கோலாலம்பூர் ஸ்போர்ட்ஸ் மெடிசின் சென்டரில் டாக்டர் சாவ் கே யோங் குழுவினர் 18 முதல் 50 வயதுக்குட்பட்ட 50 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி 2013-இல் வெளியிட்டார்கள். குருத்தெலும்பு போன இடத்தில் எலும்பில் சிறு துளைகள் இட்டு, பாதிப் பேருக்கு ஹையலூரோனிக் அமில ஊசி மட்டும் போட்டார்கள். மீதிப் பேருக்கு அதோடு அவரவர் இரத்தத்திலிருந்து பிரித்த ஸ்டெம் செல்களையும் சேர்த்துப் போட்டார்கள்.

எனக்குப் பிடித்தது அவர்கள் அளந்த விதம். 18 மாதம் கழித்து, சம்மதித்த 32 பேரின் மூட்டிலிருந்து ஊசி முனையளவு திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உயிரணு எப்படி அடுக்கியிருக்கிறது, மேற்பரப்பு வழவழப்பாக இருக்கிறதா என்பது போன்ற 14 அம்சங்களுக்கு மதிப்பெண். முழு மதிப்பெண் 1400. ஸ்டெம் செல் பெற்றவர்களுக்குச் சராசரி 1066, மற்றவர்களுக்கு 957. எம்.ஆர்.ஐ. படத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் வலி, நடை, படியேறுதல் பற்றிக் கேட்டபோது இரு பிரிவினருக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். அறுவை சிகிச்சை, ஊசிகள், 18 மாதக் காத்திருப்பு. இத்தனைக்குப் பிறகும் முழு மதிப்பெண் கிடைக்கவில்லை.

குடிக்கும் கொலாஜன் குடலில் செரித்து அமினோ அமிலமாகவும் சிறு துண்டுகளாகவும் மாறிவிடுகிறது. சிலருக்கு வலி சற்றுக் குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. வலி குறைவதும் குருத்தெலும்பு வளர்வதும் வேறு வேறு. இதைச் சொன்னதும் அம்மா டின்னை வாங்க வேண்டாம் என்று முடிவு செய்தார். வருத்தம் இல்லாமல் இல்லை. இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

அரசாங்க மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்ட் தொடைத் தசைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவது, தினமும் மூன்று வேளை. எடையும் குறைய வேண்டும் என்றார். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியில் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அம்மா தே தாரிக்கை நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது. மூன்று கிலோ குறைந்திருக்கிறார்.

272 படி முடியுமா என்று எனக்குத் தெரியாது. முடிந்த வரை ஏறுவது, முடியாவிட்டால் அங்கிருந்தே கும்பிடுவது என்று அம்மாவே சொல்லிவிட்டார். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் வீட்டுக்கும் யாராவது தூளோ மாத்திரையோ ஊசியோ கொண்டுவந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். வளர்ந்ததை எதை வைத்து அளந்தார்கள்? எத்தனை பேரிடம், எத்தனை மாதம் கழித்து? அதைப் பெறாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? பதில் வந்த பிறகு பணப்பையைத் திறக்கலாம்.