ஹைபிரிட்டுன்னா பயமா பாஸ்?

உங்க வீட்டுலயும் 2015 மாடல் டீசல் சியாஸ் ஹைபிரிட் இருக்கா? அப்போ இது உங்களுக்குத்தான் பாஸ்!

போன மாசம் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போகும்போது டேஷ்போர்டுல சிவப்பு லைட். இறங்கிப் பார்த்தா, ரேடியேட்டர் சொட்டுது. "ஹைபிரிட்டா? கரண்ட் சமாச்சாரம், ஆளை விடு தம்பி"ன்னு ரெண்டு மெக்கானிக் எஸ்கேப். கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போனோம், கவரைப்பேட்டைக்கு.

அங்க இருந்த அண்ணன் பானெட்டைத் திறந்துட்டு சிரிச்சார். "ஆரஞ்சு கலர் ஒயர் தெரியுதா? ப்ரியஸ்ல இருக்கும், அதான் ஹை வோல்டேஜ். இதுல வெறும் 12 வோல்ட் பேட்டரி."

முதல்ல சாவியை வாங்கி பாக்கெட்டுல போட்டுக்கிட்டார். தானா நின்னு தானா ஸ்டார்ட் ஆகுற இன்ஜினாச்சே! சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியையும் தொட விடலை. அவசரப்பட்டுத் திறந்தா, பிரஷர்ல கொதிக்கிற தண்ணி மூஞ்சியில அடிக்குமாம்.

அலுமினியமும் பிளாஸ்டிக் டேங்க்கும் சேருற இடத்துலதான் லீக். பழைய பித்தளை ரேடியேட்டர்னா ஈயம் வெச்சுப் பத்தவெச்சிருப்பார். இதுக்கு அந்த வைத்தியம் பலிக்காது, புதுசுதான்.

"கூலன்ட்டுக்குப் பதிலா என்ன ஊத்துனே?"

போர் தண்ணி. எங்க தெருவுல அது உப்புக் கரிக்கும். கூலன்ட் காசுல சினிமா பார்த்தது நான்தான்.

அப்பா இன்னமும் காரைத்தான் திட்டிட்டு இருக்கார். நீங்க போட்டுக் கொடுத்துடாதீங்க, ப்ளீஸ்!