ஒரு விரல் நீளத்தில் உயிர்

மூச்சு நின்றுவிட்டதா என்று பார்க்க மூக்கருகே பஞ்சை வைத்துப் பார்ப்பது நம் கிராமங்களின் பழைய வழக்கம். வைத்தியர் வந்தால் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார். டாக்டர் வந்தால் இமையை விலக்கி டார்ச் அடிப்பார். மூச்சு, நாடி, கண் என்ற இந்த மூன்று சாட்சிகளும் ஒரே குரலில் பேசியவரை மரணத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்றும் வெவ்வேறு குரலில் பேசத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். மூச்சை இயந்திரம் விடுகிறது. நாடி துடிக்கிறது. ஆனால் கண்ணுக்குள் வெளிச்சம் பட்டால் பாப்பா சுருங்கவில்லை. எந்தச் சாட்சியை நம்புவது?

இந்தக் கேள்விக்கான விடை பிடரிக்குச் சற்று மேலே, மண்டையோட்டின் அடித்தளத்தில் இருக்கிறது. மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் அந்தப் பகுதிக்கு மூளைத்தண்டு என்று பெயர். ஏறத்தாழ ஓர் ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும். கவிதை எழுதுவது, கணக்குப் போடுவது, காதலிப்பது, கடன் வாங்குவது போன்ற பெருமைக்குரிய காரியங்கள் எல்லாம் மேலே உள்ள பெருமூளையின் பொறுப்பு. மூளைத்தண்டுக்கு அந்தப் பெருமை கிடையாது. கணக்குப் போடுகிறவர் அடுத்த வரிக்கு வருவதற்குள் மூச்சு விட மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை.

இதில் மூன்று அடுக்குகள் உண்டு. மேலே நடுமூளை. நடுவே பான்ஸ். லத்தீனில் பாலம் என்று பொருள். இதை விவரித்த 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய மருத்துவர் வரோலியோவின் பெயரையும் சேர்த்தே உடற்கூறு நூல்கள் நெடுங்காலம் அழைத்து வந்தன. கீழே முகுளம். முகுளம் என்றால் மொட்டு. தண்டுவடம் என்ற காம்பின் உச்சியில் புடைத்து நிற்கும் பகுதிக்குத் தமிழ்ப் பாடநூல்கள் தந்த பெயர் எவ்வளவு பொருத்தமானது என்று அதை மனப்பாடம் செய்த மாணவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் நரம்புகள் 12 ஜோடி. வாசனைக்கும் பார்வைக்கும் உரிய முதல் இரண்டைத் தவிர மற்ற 10 ஜோடிகளின் இருப்பிடம் மூளைத்தண்டுதான். கண்ணைத் திருப்புவது, சோற்றை மெல்வது, சிரிப்பது, கேட்பது, தள்ளாடாமல் நிற்பது, விழுங்குவது, நாக்கைப் புரட்டுவது எல்லாம் இவற்றின் வேலை. கைகால்களுக்குப் பெருமூளை அனுப்பும் உத்தரவுகளும் இந்த வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். முகுளத்தின் அடிப்பகுதியில் அந்த நரம்பிழைகளில் பெரும்பாலானவை இடம் மாறி மறுபக்கம் போகின்றன. மூளையின் இடது பாதியில் ரத்தக்குழாய் அடைத்தால் வலது கை விழுந்துபோவது இதனால்தான். பந்தியில் சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டவர் சட்டென்று எழும்போது ரத்தம் காலுக்கு இறங்கித் தலை சுற்றி விழாமல் இருப்பதற்கும் முகுளம்தான் காரணம். கழுத்து ரத்தக்குழாயிலிருந்து தகவல் வந்த நொடியிலேயே அது இதயத்தை விரட்டி, ரத்தக்குழாய்களை இறுக்கிவிடுகிறது.

மூச்சின் ரகசியம் முகுளத்தில் ஒளிந்திருப்பதை முதலில் நிரூபித்தவர் பிரெஞ்சு மருத்துவர் லெகாலுவா. முயல்களின் மூளையை மேலிருந்து படிப்படியாக வெட்டிக்கொண்டே வந்தார். பெருமூளை போன பிறகும் மூச்சு நிற்கவில்லை. முகுளத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கத்தி தொட்டபோது நின்றது. 1812ல் வெளியான அவரது நூல் உயிரின் இருப்பிடத்தைப் பற்றிய தத்துவச் சர்ச்சையை அறுவைமேஜைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1945ல் தலை வெட்டப்பட்ட ஒரு சேவல் ஒன்றரை வருடம் உயிரோடு இருந்து ஊர் ஊராகக் காட்சிப் பொருளானது. மந்திரம் ஒன்றுமில்லை. கத்தி கொஞ்சம் மேலே விழுந்ததால் மூளைத்தண்டின் பெரும்பகுதி கழுத்தோடு தங்கிவிட்டது. சொட்டு மருந்துக் குழாயால் தொண்டைக்குள் உணவு ஊற்றினார்கள். மூச்சை அதுவே விட்டுக்கொண்டது.

மூச்சு மட்டுமல்ல, விழிப்பும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. மூளைத்தண்டின் நடுவே வலைபோல் பின்னிக் கிடக்கும் நரம்புத் தொகுதியை மின்சாரத்தால் தூண்டினால், மயக்கத்தில் இருக்கும் பூனையின் மூளை அலைகள் விழிப்பின் அலைகளாக மாறுவதை 1949ல் மொருசி, மகூன் என்ற இரு விஞ்ஞானிகள் காட்டினார்கள். பெருமூளை ஆயிரம் விளக்குகள் எரியும் மாளிகை என்றால், மெயின் சுவிட்ச் கீழே வாசல் திண்ணையில் இருக்கிறது.

சுவிட்சும் மாளிகையும் வெவ்வேறு என்பதால் விபரீதங்களும் வெவ்வேறு வடிவம் எடுக்கின்றன. இரண்டு மனிதர்களின் கதை இதைப் புரியவைக்கும்.

முதலாமவர் ழான் டொமினிக் போபி. பாரிஸில் 'எல்' பத்திரிகையின் ஆசிரியர். 1995 டிசம்பரில், 43 வயதில், மூளைத்தண்டில் பக்கவாதம் தாக்கியது. சுமார் மூன்று வாரம் கழித்துக் கண் விழித்தபோது அவரால் அசைக்க முடிந்தது அநேகமாக இடது இமையை மட்டும்தான். அறிவு, ஞாபகம், நகைச்சுவை எதற்கும் சேதமில்லை. அடிபட்டது பாலம். உத்தரவுகள் இறங்கும் வழி அறுந்தது. விழிப்பைக் காக்கும் வலையும் இமையை உயர்த்தும் நடுமூளையும் தப்பின. பிரெஞ்சு மொழியில் அதிகம் வரும் எழுத்துகளை வரிசைப்படுத்தி உதவியாளர் ஒவ்வொன்றாகச் சொல்ல, வேண்டிய எழுத்து வரும்போது அவர் இமைத்தார். அப்படி இமைத்து இமைத்தே ஒரு புத்தகம் எழுதினார். 1997 மார்ச்சில் அது வெளிவந்த சில நாட்களில் இறந்துபோனார். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பிணம்போல் கிடந்தவர், உள்ளே முழு மனிதராக இருந்தார்.

இரண்டாமவர் அருணா ஷான்பாக். மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் இளம் நர்ஸ். 1973 நவம்பரில் அங்கேயே ஊழியன் ஒருவன் நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கி அவரைத் தாக்கினான். மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை. மாளிகையின் பெரும்பகுதி இருண்டது, சுவிட்ச் பிழைத்தது. அதன்பின் 42 வருடம் அவர் தானாக மூச்சு விட்டார். தூங்கினார், விழித்தார், ஊட்டியதை விழுங்கினார். தலைமுறை தலைமுறையாக நர்ஸுகள் அவரைக் குளிப்பாட்டிப் பராமரித்தார்கள். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தி அமைதியாக இறக்கவிட வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விரானி தாக்கல் செய்த மனுவை 2011 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் மூளைச்சாவு அடைந்தவர் அல்ல என்பதையும் தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. இயந்திரத்தின் துணையில்லாமல் மூச்சு விடுகிறவரை இறந்தவர் என்று எப்படிச் சொல்வது? 2015 மே மாதம் நிமோனியாவில் அவர் காலமானார்.

மூன்றாவதாக ஒரு நிலை உண்டு. நம் நெடுஞ்சாலைகள் தினமும் அதை உற்பத்தி செய்கின்றன. ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் போன மகன் விழுந்து தலையில் அடிபடுகிறான். மண்டையோட்டுக்குள் வீங்கும் மூளைக்கு விரிய இடமில்லை. கீழே இருக்கும் ஒரே பெரிய துவாரத்தை நோக்கி அது நெருக்குகிறது. நடுவில் சிக்கி நசுங்குவது மூளைத்தண்டு. மாளிகையும் போனது, சுவிட்சும் போனது. ஆனால் வென்டிலேட்டர் காற்றைத் தள்ளுகிறது. இதயத்துக்குச் சொந்தமாகவே மின்துடிப்பு உண்டு; ஆக்சிஜன் கிடைக்கும்வரை மூளையைக் கேட்காமலே அது துடிக்கும். உடம்பு சுடுகிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயிடம் டாக்டர் வந்து, "உங்க பையன் இறந்துட்டாம்மா" என்கிறார். அவள் எப்படி நம்புவாள்?

இந்த நிலையை 1959ல் இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் 'கோமாவுக்கும் அப்பால்' என்று வர்ணித்தார்கள். 1968ல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு மூளைச்சாவுக்கு இலக்கணம் வகுத்தது. 1976ல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் அதை மேலும் கூர்மையாக்கி, மூளைத்தண்டு செத்துவிட்டதா என்று பார்த்தால் போதும் என்றார்கள். இந்தியா பிரிட்டிஷ் வழியைப் பின்பற்றியது. 1994ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மனித உறுப்பு மாற்றுச் சட்டம் பேசுவது மூளைத்தண்டுச் சாவைப் பற்றித்தான். அந்த ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி டெல்லி எய்ம்ஸில் டாக்டர் வேணுகோபால் குழு நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தது.

சட்டம் கேட்கும் சோதனை அவசரக் கோலம் அல்ல. நான்கு டாக்டர்கள் சான்றளிக்க வேண்டும். உறுப்பு மாற்றுக் குழுவில் இருப்பவர்கள் இதில் சேரக் கூடாது. குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். தூக்க மருந்தோ, விஷமோ, உடல் குளிர்ந்துபோனதோ காரணமில்லை என்று முதலில் உறுதி செய்கிறார்கள். பிறகு மூளைத்தண்டை மேலிருந்து கீழாக, மாடி மாடியாகக் கதவு தட்டுகிறார்கள். கண்ணில் ஒளி: நடுமூளை இருந்தால் பாப்பா சுருங்கும். விழியின் மேல் பஞ்சு: பாலம் இருந்தால் இமை மூடும். காதில் பனிநீர்: வழி சரியாக இருந்தால் விழி அசையும். தொண்டைக் குழாயைச் சீண்டுதல்: முகுளம் இருந்தால் இருமல் வரும். கடைசியில் மூச்சு. ஆக்சிஜனை மட்டும் கொடுத்துக்கொண்டு வென்டிலேட்டரைக் கழற்றுகிறார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது. உயிருள்ள முகுளத்துக்கு அதைவிடப் பெரிய சாட்டையடி கிடையாது. அப்போதும் நெஞ்சு ஒருமுறைகூட அசையவில்லை என்றால் வீட்டில் யாரும் இல்லை என்று அர்த்தம்.

தாயின் சந்தேகத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. மூளைத்தண்டு செத்த பிறகும் சில உடல்களில் கை லேசாக அசையும். அபூர்வமாக மார்பை நோக்கி உயரும். தண்டுவடத்தின் சொந்த அனிச்சைச் செயல் அது. இதை முன்கூட்டியே சொல்லாத டாக்டர், பிறகு எத்தனை சான்றிதழ் காட்டினாலும் நம்பிக்கை பிறக்காது.

சட்டமும் குழப்பத்துக்குத் தன் பங்கைச் செலுத்துகிறது. உறுப்பு தானத்துக்கான சட்டத்தில் மூளைத்தண்டுச் சாவு, சாவுதான். ஆனால் பிறப்பு, இறப்புப் பதிவுக்கான 1969ஆம் ஆண்டுச் சட்டம், உயிரின் அடையாளங்கள் எல்லாம் நிரந்தரமாக மறைவதையே மரணம் என்கிறது. உறுப்புகளைத் தரச் சம்மதிக்கும் குடும்பத்தின் பிள்ளை இறந்துவிட்டான்; மறுக்கும் குடும்பத்தின் பிள்ளை அதே படுக்கையில், அதே நிலையில், இறந்தும் இறக்காதவனாகக் கிடக்கிறான். இதயம் தானாக நிற்கும்வரை வென்டிலேட்டர் ஓடுகிறது, பில் ஏறுகிறது. தானத்துக்காகத்தான் டாக்டர்கள் சாவை அறிவிக்கிறார்கள் என்ற சந்தேகத்துக்கு இதைவிட நல்ல உரம் வேண்டாம்.

மொழியும் உதவவில்லை. 'மூளைச்சாவு அடைந்த வாலிபர் நேற்று உயிரிழந்தார்' என்று செய்தி வருகிறது. அப்படியானால் முந்தாநாள் அவர் என்னவாக இருந்தார்? 'மூளைச்சாவு அடைந்து கோமாவில் இருக்கிறார்' என்றும் எழுதுகிறார்கள். கோமாவிலிருந்து மீள்கிறவர்கள் உண்டு. போபி மீண்டார். அந்த ஒரு சொல்லைப் படித்த குடும்பம் கோயில் கோயிலாக அலையும், நிலத்தை விற்கும். 'மூளைச்சாவு' என்ற சொல்லில் பாதி உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கை செத்தால் ஆள் இருப்பதுபோல மூளை செத்தாலும் ஆள் இருப்பார் என்ற எண்ணத்தை அது தருகிறது. 'மூளைத்தண்டு செத்தது, ஆள் இறந்தார்' என்று எழுதுவதற்குப் பேனாவில் இரண்டு சொட்டு மை அதிகம் தேவைப்படும், அவ்வளவுதான்.

தமிழகத்தில் 2008ல் ஒரு டாக்டர் தம்பதி விபத்தில் சிக்கிய தங்கள் மகனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். ஊரே அதைப் பேசியது. தானத்தில் மாநிலம் முன்வரிசைக்கு வர அந்தச் செய்தி பெரும் தூண்டுதலானது. 2023 முதல் உறுப்பு தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை தரப்படுகிறது. அந்தப் பெற்றோருக்கு வருத்தம் குறைவு என்பதல்ல காரணம். திரையில் துடிக்கும் கோடு மகன் அல்ல என்பது மருத்துவர்களான அவர்களுக்குத் தெரியும். மற்ற பெற்றோருக்கு அதை யாராவது சொல்லித்தர வேண்டும். ஐ.சி.யு. வாசலில், விடியற்காலை மூன்று மணிக்கு, கையில் சம்மதப் படிவத்தோடு சொல்லித்தரும் பாடம் அல்ல அது. பள்ளிக்கூடத்தில் முகுளத்தின் பணிகள் யாவை என்று இரண்டு மார்க் கேள்வி கேட்கிறார்கள். அந்தப் பணிகள் நின்றுபோனால் என்ன என்று இன்னொரு கேள்வியும் கேட்டால், பின்னாளில் எந்தத் தாய்க்காவது அது உதவும்.