டெயில் லேம்ப் மாற்றுவதற்கு முன்

மயிலாப்பூர்,
8.6.2025

அன்புள்ள தம்பி ரகுவுக்கு,

நீயும் சுதாவும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? உன் அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சாயங்காலம் கபாலி கோயில் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். வரும்போது கறிகாய் வாங்கி வரச் சொன்னால் மட்டும் வலி திரும்பி வந்துவிடுகிறது.

போனில் நீ கேட்டதற்கு நான் சொன்னதில் பாதி உங்கள் வீட்டு மிக்ஸி சத்தத்தில் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். 2005-இல் பதிவான ஃபோர்டு ஐகான் வண்டி, 15 வருடம் முடிந்து 2020-இல் ஒரு முறை புதுப்பித்தாய், இப்போது அடுத்த ஐந்து வருடத்துக்குத் திருவான்மியூர் ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டும், பின்னால் இரண்டு டெயில் லேம்ப்பும் வெளுத்துக் கிடக்கின்றன, புதிதாக வாங்கிவிடட்டுமா என்றாய். அவசரப்படாதே. மறைமலை நகரில் ஃபோர்டு ஐகான் செய்வதை நிறுத்தி எத்தனையோ வருடம் ஆகிறது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பதையே நிறுத்தப்போவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. புதுப்பேட்டையில் தேடினால் பழைய லேம்ப் கிடைக்கலாம். ஆனால் அதுவும் யாரோ ஒருவருடைய வண்டியில் இருபது வருடம் இதே வெயிலைத் தின்றதாகத்தானே இருக்கும்?

முதலில் ஒரு சொம்புத் தண்ணீரோடு வண்டியிடம் போ. லென்ஸ் மேல் தண்ணீரை ஊற்றி, ஈரம் காய்வதற்குள் பார். வெளுப்பு மறைந்து சிவப்பு பளிச்சென்று தெரிந்தால் பிழைத்தாய். கோளாறு மேல்பரப்பில் மட்டும்தான். மணலும் தூசும் துடைக்கிற துணியும் சேர்ந்து போட்ட ஆயிரக்கணக்கான கீறல்கள் ஒளியை நாலாபக்கமும் சிதற அடிக்கின்றன. அதுதான் நம் கண்ணுக்கு வெள்ளைப் படலமாகத் தெரிகிறது. லென்ஸ் செய்கிற அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33. கீறலுக்குள் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் வித்தியாசம் குறைகிறது, சிதறலும் குறைகிறது. பத்தாம் வகுப்பில் நான் பாடம் நடத்தியபோது நீ ஜன்னல் வழியே கிரிக்கெட் பார்த்த விஷயம்தான் இது.

நனைத்த பிறகும் சிவப்பு வெளிறி ரோஸ் நிறமாகவே தெரிந்தால், பிளாஸ்டிக்குள் கலந்த சாயமே வெயிலில் போய்விட்டது என்று அர்த்தம். மாலை வெயிலில் பார்த்தால் உள்ளுக்குள் சிலந்திவலை போல வெடிப்பு தெரிகிறதா என்பதையும் கவனி. இந்த இரண்டையும் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. அப்போதுதான் புதுப்பேட்டைக்கோ ஜி.பி. ரோடுக்கோ போக வேண்டும்.

தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராமே. பளபளக்கும். தண்ணீர் செய்த அதே வேலையை எண்ணெய் இரண்டு நாள் கூடுதலாகச் செய்யும், அப்புறம் தெருத் தூசியெல்லாம் அதில் வந்து ஒட்டும். பற்பசை கொஞ்சம் தேவலை. அதில் உராய்வுப் பொடி இருக்கிறது, மெல்லிய படலம் போகும். ஆழமான கீறலுக்கு அது போதாது.

தேய்க்க ஆரம்பிப்பதற்கு முன் டிக்கியைத் திறந்து பல்ப் ஹோல்டரைக் கழற்றிப் பார். பளபளப்பு வேறு, வெளிச்சம் வேறு. லென்ஸைக் கண்ணாடிபோல் ஆக்கிவிட்டு உள்ளே கருத்துப்போன பல்பை விட்டுவைப்பவர்கள்தான் அதிகம். உள்ளே இருப்பது இரட்டை இழை பல்ப்: 5 வாட் இழை இரவு விளக்குக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. டங்ஸ்டன் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து கருத்திருந்தால் மாற்றிவிடு, மலிவான சாமான்தான். ஓரத்துப் பின்கள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது, அதனால் ஒரு பக்கமாகத்தான் பொருந்தும். பலவந்தம் பண்ணாதே.

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக மினுங்குகிறதா? அப்படியானால் எர்த் சரியில்லை. நீ இருப்பது அடையாறு, கடற்காற்று வீட்டுக்குள்ளேயே வருகிற இடம். எர்த் வயர் பாடியில் முடுக்கியிருக்கும் இடத்தில் துரு பிடித்திருக்கும். உப்புத்தாளால் சுரண்டிவிட்டு மறுபடி முடுக்கு. ஹோல்டருக்குப் பின்னால் வெள்ளி மாதிரி மின்னுவது அலுமினியப் பூச்சு. அதைத் துணியால் துடைக்கவே துடைக்காதே, பூச்சு கையோடு வந்துவிடும். தூசி இருந்தால் ஊதிவிடு, போதும்.

இனி தேய்க்கிற வேலை. பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேள். 1500, 2000, 3000 நம்பரில் ஒவ்வொன்று வாங்கு. நகம் தட்டுப்படும் அளவுக்குக் கீறல் இருந்தால் மட்டும் 1000 நம்பர். கூடவே ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ், வாக்ஸ், பெயின்டர்கள் ஒட்டுகிற மாஸ்கிங் டேப். வெயில் ஏறுவதற்கு முன், நிழலில் நிறுத்திச் செய். சோப்புத் தண்ணீரில் லென்ஸை நன்றாகக் கழுவு. ஒரு மணல் துகள் மிஞ்சினாலும் புதுக் கீறல் போடும். சுற்றியுள்ள பெயின்ட் மேல் டேப்பை இரண்டு வரிசை ஒட்டு.

பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து, வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, நனைத்து நனைத்துத் தேய். முதல் நம்பரில் இடவலமாக, அடுத்ததில் மேலும் கீழுமாக, கடைசியில் மறுபடி இடவலமாக. திசையை மாற்றினால் முந்தைய நம்பரின் கோடு முழுக்கப் போனதா என்று கண்ணுக்கே தெரியும். அது போகாமல் அடுத்த பேப்பரைக் கையில் எடுக்காதே. 1500 முடிந்ததும் லென்ஸ் முன்னைவிட மோசமாக வெளுத்திருக்கும். சுதா பயந்துவிடுவாள், முன்கூட்டியே சொல்லிவை. காம்பவுண்ட் போட்டு மெத்தென்ற துணியால் வட்டமாகத் தேய்க்கும்போதுதான் நிறம் திரும்பும். டிரில் மெஷினில் ஸ்பாஞ்ச் மாட்டித் தேய்க்கலாம் என்று யோசிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? அக்ரிலிக் சுமார் 100 டிகிரி சூட்டிலேயே இளகத் தொடங்கும். கையாலேயே செய்.

பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் எதுவும் லென்ஸ் பக்கம் வரக் கூடாது. மெக்கானிக் ஷெட்டில் பெட்ரோல் துணியால் துடைப்பது வழக்கம். அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்புகள் வருவதற்கு அந்த ஒரு துடைப்பே போதும். லென்ஸ் எந்தப் பிளாஸ்டிக் என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார், பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும்: பி.எம்.எம்.ஏ. என்றால் அக்ரிலிக், பி.சி. என்றால் பாலிகார்பனேட். முன்விளக்குகள் பெரும்பாலும் பாலிகார்பனேட். அதன் மேல் காப்புப் பூச்சு ஒன்று உண்டு, தேய்த்தால் அது போய்விடும், மறுபடி பூசாவிட்டால் சில மாதத்தில் மஞ்சளடிக்கும். அக்ரிலிக் வெயிலை இயல்பாகவே தாங்கும். அதனால் டெயில் லேம்ப்பில் பட்ட பாடு நாள்பட நிற்கும். வாக்ஸை மட்டும் அவ்வப்போது பூசி வா.

ஸ்ப்ரே கிளியர் கோட் அடிக்கலாமா என்று கேட்டாய். இரண்டு கலவை சேர்த்து அடிக்கிற வகையில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சுக்குழலைத் தாக்கும். சின்னவனுக்கு வீசிங் இருக்கிற வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம். கறுப்பு ஃபிலிம், சிவப்பு ஸ்ப்ரே இரண்டும் கூடாது. இரவில் பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பது 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதி. நாம் ஓட்டுகிற வண்டியில் நம் கண்ணுக்கே படாத விளக்கு அது. எல்.பி. ரோடில் மழை கொட்டும்போது பின்னால் பைக்கில் வருகிற பையன் அதை நம்பித்தான் பிரேக் பிடிக்கிறான். லேம்ப்பில் பிரதிபலிக்கிற பகுதி ஒன்றும் இருக்கும். அதன் உட்புறத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கொண்ட சின்னச் சின்னக் குழிகள் உண்டு. எந்தப் பக்கம் வெளிச்சம் விழுந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பும். பல்ப் போனாலும், வண்டி இருட்டில் நின்றாலும் அது வேலை செய்யும், மேல்பரப்பு தெளிவாக இருக்கும்வரை. அதையும் விடாமல் தேய்.

ஐப்பசி மழைக்குப் பிறகு லேம்ப்புக்குள் நீர்த்திவலை கண்டால் சிலிக்கான் வைத்து எல்லாவற்றையும் அடைத்துவிடாதே. அடியில் காற்றோட்டத் துளை இருந்தால் அதைத் திறந்தே விடு. கிழிந்த ரப்பர் கேஸ்கெட்டை மட்டும் மாற்று.

ஒரு பக்கத்தை முடித்ததும் மற்றதைத் தொடாமல் இருட்டிய பின் இரண்டையும் எரியவிட்டுப் பக்கத்தில் வைத்துப் பார். வித்தியாசம் தெரியாவிட்டால் பாக்கி வேலை உள்ளே இருக்கிறது. வாட்டர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பல்பையும் எர்த்தையும் பார். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு வாரம் முன்னாலேயே இதை முடித்துவிடு. லேம்ப் தேறாது என்று தெரிந்தால் வேறு தேட அவகாசம் வேண்டும்.

மாவடு போட்டு வைத்திருக்கிறேன். சுதாவை ஜாடி எடுத்து வரச் சொல், போன தடவை கொடுத்தனுப்பியதும் இன்னும் திரும்பவில்லை. குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
அன்புள்ள அக்கா