அவர் தகடு வெட்ட, இவர் கல் பதிக்க... வடசேரி வீடுகளில் பிறக்கும் கோயில் நகைகள்!

பரதநாட்டிய அரங்கேற்றம் பார்த்திருப்பீர்கள். மேடை விளக்கு பட்டதும் நெற்றிச்சுட்டியும், தலையின் இரு பக்கமும் சூடிய சூரியபிறை, சந்திரபிறையும் சிவப்பும் பச்சையுமாகப் பளிச்சிடும். அந்த நகைகள் எந்த ஊரில் தயாராகின்றன தெரியுமா? அசல் கோயில் நகை என்றதும் விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் முதல் பெயர், நாகர்கோவில் வடசேரி.

கன்னியாகுமரியிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரம்தான். வழியில் சுசீந்திரம் தாணுமாலயனைத் தரிசித்துவிட்டே வரலாம். வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கி விசாரித்தால் நகை செய்கிறவர்களின் தெருவைக் காட்டுவார்கள். பெரிய தொழிற்சாலையைத் தேடாதீர்கள். இங்கே வீடுதான் பட்டறை.

அப்படி ஒரு வீட்டில் 50 வயதைக் கடந்த ஒரு தம்பதி. முன்னறையில் ஜன்னலை ஒட்டி இரண்டு தாழ்வான பலகைகள். ஒன்று கணவருக்கு, இன்னொன்று மனைவிக்கு.

நெருப்பு வேலை முழுக்க கணவருடையது. வெள்ளித் தகட்டை அடித்து, அளவுக்கு வெட்டி, கல் உட்காரும் சின்னச் சின்னக் கூடுகளைப் பற்றவைக்கிறார். கூடுகளுக்குள் அரக்கை நிரப்பியதும் நகை மனைவியின் கைக்கு மாறுகிறது. சிவப்பு, பச்சைக் கெம்புக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, சுற்றிலும் தங்க ரேக்கை அழுத்திப் பதிக்கிறார். ரேக்கு மெல்லியது என்பதால், பதிக்கும்போது மின்விசிறி போடுவதில்லை. வியர்வையைத் துடைக்க மட்டும் கை நிற்கிறது.

ஒரு காலத்தில் இந்த நகைகள் சாமிக்கு மட்டும்தான். மன்னர்கள் கோயில்களுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்கள். குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த மண். பிறகு நடனக் கலைஞர்கள் அணியத் தொடங்கினார்கள். இப்போது ராக்கொடி, ஜடைநாகம், மாங்காய் மாலை, வங்கி, ஒட்டியாணம் எல்லாம் கல்யாணப் பெண்களுக்கும் போகின்றன. ‘நாகர்கோவில் கோயில் நகைகள்’ என்ற பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

குறியீடு வந்தும் கவலை தீரவில்லை. அச்சில் வார்த்து, முலாம் பூசிய நகைகளும் ‘டெம்பிள் ஜுவல்லரி’ என்ற அதே பெயரில்தான் ஆன்லைனில் விற்கின்றன. வாடிக்கையாளர் செல்போனை நீட்டி, “இதே டிசைன் இங்கே இவ்வளவு குறைவாகக் கிடைக்கிறதே?” என்று கேட்டால் கணவர் வாதாடுவதில்லை. தன் நகையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டுகிறார். வெள்ளியும் கைவேலையும் அங்கே தெரியும். சிலர் வாங்குகிறார்கள், சிலர் போய்விடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய கவலை மனைவியின் கண்கள். கண்ணாடி போட்டும் மாலை வெளிச்சம் குறைந்தால் கல்லின் ஓரம் தெரிவதில்லை. அதனால் நுணுக்கமான வேலையைக் காலையிலேயே முடித்துவிடுகிறார். கல் பதிக்க வெளியாள் வைக்கலாம்தான். கூலி கொடுத்தால் கையில் எதுவும் மிஞ்சாது. அவர் கை ஓய்ந்தால் கணவர் செய்யும் கூடுகள் வெறும் கூடுகளாகவே நிற்கும். மகள் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கல் பிரித்துக் கொடுப்பாள். இதையே தொழிலாக எடுத்துக்கொள் என்று இருவரும் இதுவரை அவளிடம் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு பாசம்தான்.

அரங்கேற்றத்துக்கு முழு செட் வேண்டுமென்றால் கடைசி நேரத்தில் கேட்காதீர்கள். கைவேலைக்கு அவகாசம் வேண்டும். வாங்கும்போது வெள்ளியா, செம்பா, எந்த வகைக் கல் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். வாசனைத் திரவியம் படாமல் மென்மையான துணியில் சுற்றி வையுங்கள். கல் ஆடினால் வீட்டில் பசை போட்டு ஒட்டாதீர்கள். செய்தவரிடமே கொண்டுபோனால் சரிசெய்து தருவார்.

அடுத்த முறை குமரியில் சூரிய உதயம் பார்க்கப் போனால், வடசேரிக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். காலையிலேயே போய்விடுங்கள், கல் பதிப்பதைப் பார்க்கலாம்!